இத்தாலி வண்டி, இங்கிலாந்து வண்டி, எங்கள் அப்பா

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் இந்த நினைவு மலர் வழியாக மகளின் வணக்கம். மன்னிப்பைப் பற்றிச் சாமியார் பிரசங்கத்தில் சொல்லியிருப்பார். நான் அதைச் சொல்லப் போவதில்லை.

அப்பா ஒக்கலிபுரத்தில் பிறந்தார். தாத்தா படுத்த படுக்கையானதால் மூன்றாம் வகுப்போடு பள்ளி நின்றது. பிறகு ஆயுள் முழுக்க சிவாஜிநகர் ஷெட்டில் ஸ்பேனரும் கையுமாக இருந்தார். பழைய கார் என்றால் அப்பாவைத்தான் தேடி வருவார்கள். அவருக்குப் பொய் சொல்ல வராது, கோபப்படவும் வராது. கோபத்தை எனக்கு விட்டுவிட்டுப் போய்விட்டார் போல.

காபித் தோட்டக்காரர் ஒருவரின் இரண்டு கூபே கார்களை அப்பாதான் பராமரித்தார். இரண்டு கதவு, தாழ்ந்த கூரை. ஒன்று இத்தாலியில் செய்தது, மற்றது இங்கிலாந்தில். இத்தாலி வண்டிக்குச் சின்ன இன்ஜின். மிதிக்க மிதிக்கக் குரல் ஏறும், வளைவில் சொன்ன பேச்சைக் கேட்கும், ஆனால் அடித்தகடு துருப்பிடித்துக்கொண்டே இருக்கும். இங்கிலாந்து வண்டிக்கு நீளமான பானெட், ஆறு சிலிண்டர். மேட்டில் மூன்றாவது கியரிலேயே அலட்டாமல் ஏறும், டிராஃபிக்கில் நின்றால் கொதித்துவிடும்.

"இத்தாலி வண்டி ஓட்டத் தெரிஞ்சவனுக்குப்பா. இங்கிலாந்து வண்டி வெயிட் பண்ணத் தெரிஞ்சவனுக்கு." இதை அப்பா சொன்னது ஒரு கார் எழுத்தாளரிடம். அவரும் தமிழர்தான். "அங்கிள், அங்கிள்" என்று நான்கு சனிக்கிழமை ஷெட்டில் உட்கார்ந்து, எங்கள் டீயைக் குடித்து, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார்.

ஆங்கிலப் பத்திரிகையில் கட்டுரை வந்தது. அப்பாவின் பேச்சு வரிக்கு வரி இருந்தது, எல்லாம் அந்த எழுத்தாளரே சொன்னதாக. இரண்டு கார்களையும் நந்தி மலைக்குத் தானே ஓட்டிப் பார்த்தாராம். அப்பாவை "உள்ளூர் மெக்கானிக் ஒருவர்" என்று ஓரிடத்தில் போட்டிருந்தார்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல அப்பா சிரித்தபடி கேட்டார். "நான் சொன்ன மாதிரியே எழுதியிருக்கான்மா." பிறகு கேட்டார்: "என் பேரு எங்கம்மா?"

"அடுத்த பக்கத்துல இருக்குப்பா" என்றேன். அப்பா பக்கத்தைத் திருப்பி, தனக்குத் தெரியாத எழுத்துகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

நந்தி மலை விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்து வண்டியின் டிரைவர் சீட் துருவேறி முன்னாலேயே சிக்கிக்கொண்டது, பின்னால் தள்ள வராது. அப்பா குள்ளம் என்பதால் ஓட்டினார். எழுத்தாளரோ ஆறடி. ஒரு நாள் ஆசைப்பட்டு ஏறியவரின் முழங்கால் ஸ்டியரிங்கில் மாட்டிக்கொள்ள, அப்பாவும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து வெளியே இழுத்தோம். அதில் அவர் மலையேறிய விதத்தை அவரே விளக்கட்டும்.

"வருஷப் பூசை புஸ்தகத்துல எதுக்குடி பகை? உங்கப்பா இருந்திருந்தா விட்டிருப்பாரு" என்றார் அம்மா. விட்டிருப்பார். நான் விட மாட்டேன்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் அப்பாவோடு இருந்த சித்தப்பாவுக்கும், சந்தாபுராவிலிருந்து தினமும் கஞ்சி கொண்டுவந்த அத்தைக்கும், ஷெட் நண்பர்களுக்கும் எங்கள் நன்றி.

அந்த எழுத்தாளருக்கும் நன்றி. அவர் பெயரை நான் போடவில்லை. உள்ளூர் எழுத்தாளர் ஒருவர், அவ்வளவு போதும். இந்த மலரின் முதல் பிரதியைப் பெற்றுக்கொண்டு, இந்தக் கட்டுரையை உங்கள் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்க அவர் அன்போடு ஒப்புக்கொண்டிருக்கிறார். முன்கூட்டியே படித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை.