புதுப் பெயின்ட் அடித்த பலகை

பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம், ஏற்காடு தலைச்சோலைப் பக்கம் நான் தலைமையாசிரியராக இருக்கும் சின்னப் பள்ளிக்குக் காலையிலேயே போனேன். ஒன்றாம் வகுப்புக்குள் நுழைந்ததும் கோபம் தலைக்கேறியது. நானே பெயின்ட் அடித்து வைத்திருந்த கரும்பலகை முழுக்கக் கோணல்மாணலாக 'அ' எழுதியிருந்தது.

"எவன்டா பண்ணுனது இது?" என்று கத்தினேன்.

"நாந்தானுங்க சார்."

கதவோரம் ஸ்டெல்லா டீச்சர் நின்றிருந்தார். இடது கையெல்லாம் சாக்பீஸ் தூள். பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோய் நீண்ட விடுப்பில் இருந்தவர். இனி வரமாட்டார் என்றே நான் முடிவு கட்டியிருந்தேன்.

"ஊட்ல சிலேட்டுல நல்லாத்தானுங்க வந்துச்சு. போர்டுல நொம்ப இழுக்குதுங்க."

"இன்னும் கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கலாமே டீச்சர்? புள்ளைங்க பார்த்தா சிரிக்குமேங்க."

"ஒண்ணாப்புப் புள்ளைங்களும் இனிமேத்தானுங்களே எழுதப் பழகோணும்? அதுங்களோட சேர்ந்து நானும் பழகிக்கறனுங்க சார்."

அழிக்க எடுத்த டஸ்டரைக் கீழே வைத்துவிட்டேன்.

பள்ளி திறந்த அன்று ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். டீச்சரின் 'அ'வுக்குப் பக்கத்தில், அதைவிடக் கோணலாக ஒரு சிறுமி எழுதினாள். கைதட்ட டீச்சருக்கு வலது கை எழவில்லை. இடது கையால் மேஜையைப் படபடவென்று தட்டினார். பிள்ளைகளும் தங்கள் மேஜைகளைத் தட்டினார்கள். கைதட்டப் போன நான், கைகளைப் பிரித்து ஜன்னல் கட்டையைத் தட்டினேன்.

இன்றுவரை எங்கள் பள்ளியில் யாரைப் பாராட்டினாலும் கைதட்டுவதில்லை. மேஜையைத்தான் தட்டுகிறோம்.