தப்பாகவே பேசும் கய்யூம் பாய்

“உங்க கைலியைப் போன வாரம் இங்கேயே மறந்துட்டுப் போயிட்டீங்களே!”

இப்படிச் சொல்லி, சாக்கைச் சுற்றிக்கொண்டு பள்ளிவாசல் சுவரோரம் நின்ற ஒருவர் கையில் கட்டம் போட்ட கைலியொன்றைத் திணித்தார் அப்துல் கய்யூம் பாய். மலாக்காவில் அது ஜப்பான்காரன் ஆண்ட காலம், துணிக்குப் பஞ்சம். அந்த மனிதர் ஜும்ஆ தொழுகைக்கு உள்ளே வர வெட்கப்பட்டு வெளியிலேயே நின்றிருந்தார். கைலி கய்யூம் பாயுடையது என்பது எனக்குத் தெரியும். அவரிடம் இருந்ததே இரண்டு. நான் வாயைத் திறக்கப் போனேன். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

அன்று ஒரு நாள்தான் அப்படி. மற்ற நாளெல்லாம் அவர் தப்பாகப் பேசுவதே, யாராவது திருத்த வேண்டும் என்பதற்காகத்தான். அது அவர் தொழில். சண்டைக்கு முன்னால், காஜா பெராங்கில் அவர் வீட்டு வாசலில் ‘தனியார் துப்பறிவாளர்’ என்று பலகை தொங்கியது. ஓடிப்போன புருஷன், கம்பி நீட்டிய கடைச் சிப்பந்தி என்று வக்கீல்களுக்கு ஆள் தேடிக் கொடுப்பார். ஜப்பான்காரன் வந்ததும் அந்தப் பலகை கோழிக்கூண்டுக்குக் கதவாகிவிட்டது, எழுத்துள்ள பக்கம் உள்ளே. கேள்வி கேட்கிறவனையெல்லாம் ஜப்பான்காரனின் உளவாளி என்று ஊரே பயந்து ஒதுங்கியது. அதனால் கேள்வியையே விட்டுவிட்டார்.

“கேட்டா வாயை மூடிக்குவாங்க, தாவூத் பாய். தப்பாச் சொன்னா யாராலேயும் சும்மா இருக்க முடியாது. உங்களாலேயே முடியலையே!” என்பார்.

உண்மைதான், என்னால் முடியவில்லை. என் மளிகைக் கடைக்கு வந்து உட்காருவார். வெள்ளிக்கிழமையை வியாழன் என்பார். “நீங்க நாகூர்தானே?” என்று எத்தனையாவது முறையாகவோ சொல்வார். “பரங்கிப்பேட்டை!” என்று கத்துவேன். “கிளேபாங்கிலே மீனே படலையாமே” என்று பெருமூச்சு விடுவார். சாமான் வாங்க நிற்கும் பீவி லாத்தா எகிறுவாள்: “எந்தப் பொய்க்காரன் சொன்னான்? என் மச்சான் இப்பத்தான் ரெண்டு கூடை இறக்கினான்!” கொஞ்ச நேரத்தில் கய்யூம் பாய் பையைத் தூக்கிக்கொண்டு கிளேபாங் பக்கம் நடந்துகொண்டிருப்பார். படைத்தவன் எனக்குப் பொறுமையை அளந்துதான் கொடுத்திருக்கிறான். அதில் பாதியை இந்த மனுஷனே தின்று தீர்த்தார்.

என் தங்கை மஜீதாவின் கணவர் ஷரீஃபுதீனைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப் போனார்கள். மலாக்கா ரயில் தண்டவாளத்தையே பெயர்த்து அங்கே கொண்டுபோனவர்கள், அதன் பின்னாலேயே ஆட்களையும் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஒரு நாள் பத்து பெரெண்டாம் ஊர்ப் பக்கமிருந்து சுப்பையன் என்பவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எலும்பும் தோலுமாக, காலில் ஆறாத புண்ணோடு. சயாமிலிருந்து தப்பி வந்தவராம்.

“காய்ச்சல்லே போயிட்டாருங்க. நான்தான் குழி வெட்டினேன்” என்றார்.

மஜீதா கருகமணியைக் கழற்றி வைத்துவிட்டு, கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் உட்கார்ந்தாள். சிப்பாய்கள் திரியும் ஊரில் இளம் பெண்ணைத் தனியாக வைத்திருக்க எல்லாருக்கும் பயம். இத்தா முடிந்ததும் தாரமிழந்த ஒருவருக்கு அவளைக் கட்டிவைப்பதென்று பெரியவர்கள் பேசிவிட்டார்கள்.

அடுத்த முறை சுப்பையன் கஞ்சி குடிக்க வந்தபோது கய்யூம் பாயும் இருந்தார்.

“பாவம்” என்று ஆரம்பித்தார். “நம்ம ஷரீஃபுதீன், இடது கையிலே ரெண்டு விரல் இல்லாத மனுஷன். மண்வெட்டியை எப்படித்தான் பிடிச்சாரோ!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துக்க வீட்டிலுமா? நான் வாய் திறப்பதற்குள் என் காலை மிதித்தார்.

“ஆமாங்க” என்றார் சுப்பையன், கஞ்சியிலிருந்து தலை தூக்காமல். “விரல் இல்லாம ரொம்பச் சிரமப்பட்டாரு.”

திரைக்குப் பின்னாலிருந்து மஜீதாவின் குரல் வந்தது. “அவருக்குப் பத்து விரலும் இருக்கு.”

சுப்பையன் கோப்பையைக் கீழே வைத்தார். “பசிங்க, பாய். முகாம்லே எவனோ இந்த வீட்டைப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தான். ஆளு உயிரோட இருக்காருன்னு சொன்னா, எங்கே எப்படின்னு துருவுவீங்க. செத்துட்டாருன்னா அழுதுட்டு ஒரு வாய் கஞ்சி கொடுப்பீங்கன்னு...” எழுந்து போகப் பார்த்தவரின் தோளை அழுத்தி உட்கார வைத்தார் கய்யூம் பாய். “குடிச்சுட்டுப் போங்க.”

அன்று மாலையே மஜீதா கருகமணியை எடுத்துக் கட்டிக்கொண்டாள். கல்யாணப் பேச்சு நின்றது. நான் கய்யூம் பாயின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்போ மாப்பிள்ளை உயிரோடதானே இருக்கார்?”

“தெரியாது.”

“உங்க மனசுக்கு என்ன படுது?”

“தெரியாது, பாய்.”

ஊரெல்லாம் தப்புத் தப்பாகப் பேசித் திரிகிற மனுஷனுக்கு, ஒரு பெண் நிம்மதியாகத் தூங்குவதற்கு ஒரே ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல வரவில்லையே! அல்லாஹ் மன்னிக்கட்டும், அன்று அவரைக் கோழிக்கூண்டுக்குள் தள்ளிப் பூட்டலாமா என்றிருந்தது.

முகாமில் இந்த வீட்டைப் பற்றிப் பேசியவன் யார் என்று தேடிக்கொண்டு, யாரும் கேட்காமலே வடக்கே புறப்பட்டார். தாம்பின் போகும், கரியில் ஓடும் லாரி புகைந்துகொண்டு நின்றது. மஜீதா கட்டிக் கொடுத்த மரவள்ளி ரொட்டியை நீட்டினேன்.

“அவ காத்துக்கிட்டிருக்கா. நல்லதா ஒண்ணு சொல்லிட்டுப் போங்களேன்” என்றேன்.

ஏறி நின்றவர் லாரியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு என் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

“சுப்பையன் மாப்பிள்ளையைப் பார்க்கலேன்னுதான் நான் கண்டுபிடிச்சேன், தாவூத் பாய். மாப்பிள்ளை சாகலேன்னு நான் சொல்லவே இல்லே. என் பேச்சை நம்பி அவருக்கும் சேர்த்து அடுப்பிலே உலை வைக்க வேண்டாம்னு தங்கச்சிகிட்ட சொல்லுங்க.”