ஏழு, பதினொன்று, பதின்மூன்று

எண்பத்தாறாம் ஆண்டில், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் துறைக்குப் போகும் லோஞ்சுப் படகில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் பக்கத்தில் இருந்தார். நரைத்த மீசை, கக்கத்தில் குடை, உள்ளங்கை முழுதும் பேனாவால் எழுதிய எண்கள். கடல் அன்றைக்குச் சரியில்லை. எதிரே, பிள்ளைப்பேற்று நோவோடு ஆசுபத்திரிக்குப் புறப்பட்ட ஒரு பெண் தாயின் கையைப் பிடித்துக் கதறிக்கொண்டிருந்தாள்.

அவர் குனிந்தார். "பிள்ளை, மூண்டு இலக்கத்திலை ஒரு எண் சொல்லும்."

"எனக்கு உயிர் போகுது, ஐயாவுக்குக் கணக்கோ?"

"உயிர் ஒண்டும் போகாது. சொல்லும்."

"இருநூத்தி நாப்பத்தேழு."

அதையே அடுத்தடுத்து இரண்டு தரம், 247247 என்று கையில் எழுதினார். "இப்ப ஏழாலை பிரிப்பம்."

பல்லைக் கடித்தபடி அவள் ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னாள். 35321, மிச்சமில்லை. பதினொன்றால் பிரித்தார்கள். 3211, அதிலும் மிச்சமில்லை. அதற்குள் கரை வந்துவிட்டது.

காரில் ஏற்றும்போதும் திரும்பிப் பார்த்தாள். "ஐயா, கணக்கு முடியேல்லை."

"பதின்மூண்டாலை பிரியும், பிள்ளை. துவங்கின எண்ணே திரும்பி வீட்டை வந்திடும். எந்த எண்ணெண்டாலும் அப்பிடித்தான்."

கார் போன பிறகு, எண்கள் நிறைந்த உள்ளங்கையை அவர் எனக்கு விரித்துக் காட்டினார்.

"எனக்கு நீந்தத் தெரியாது, தம்பி. கடலிலை பயம் வந்தால் பிரிக்கிறனான்."

அவள் நல்லபடி பெற்றாளா என்று எனக்குத் தெரியாது. நான் கணக்கில் மோசம். என்றாலும் அன்று பஸ்ஸில் இருந்தபடி, முழங்காலில் விரலால் எழுதி, 3211ஐப் பதின்மூன்றால் பிரித்தேன். இரண்டு தரம் பிழையாக வந்தது. மூன்றாம் தரம் இருநூற்று நாற்பத்தேழு வந்தது.