பண்ணை வீட்டுக் கூடத்தில் நான் சொன்ன பொய்

ஆட்கள் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலம். குடவாசல் பக்கத்து எங்கள் ஊரில் நடவுக்குக்கூட ஆள் கிடைக்காது. என் புருஷன் பண்ணை வீட்டில் நிரந்தர ஆள். பண்ணையார் வயலில் வைத்து அவனை 'நாயே' என்பார். அந்த நாய் வீட்டுக்கு வந்து என்னைக் கடிக்கும். மண்வெட்டிக் காம்பால் அடித்ததில் என் இடது மணிக்கட்டு இன்றும் கோணல்தான்.

ஒருமுறை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பண்ணையாரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "நடவு முடியட்டும், நான் பேசிக்கிறேன்" என்று அவர் என் புருஷனை வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு வேண்டியது அவன் கை. என் கை முறிந்தால் யாருக்கென்ன? த்தூ!

பிறகு, சமூகப்பணி ஆராய்ச்சி என்று பட்டணத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். புருஷன்மார் அடிப்பதைப் பற்றிக் கேட்க. எங்கே வைத்துக் கேட்டாள்? பண்ணை வீட்டுக் கூடத்தில்! கொல்லைப்புறம் பாத்திரம் தேய்க்கிற நான் அந்தக் கூடத்தில் கால் வைத்தது அன்றைக்குத்தான். பண்ணையார் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"வீட்டுக்காரர் அடிப்பாராம்மா?"

"இல்லீங்க."

அந்த அம்மாளிடமும் கேட்டாள். "சேச்சே, எங்க வீட்டுலயா!" என்று கழுத்தில் அடிபட்டுக் கன்றிய இடத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். ஆளுக்கொரு கேள்வித் தாள், இரண்டிலும் ஒரே மாதிரிக் கட்டம்; இரண்டு கட்டத்திலும் 'இல்லை' என்று எழுதிக்கொண்டாள். எனக்கு என் வாயே நாறியது.

மறுநாள் அந்தப் பெண் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி என் பக்கத்தில் குனிந்தாள். நடவு வரிசையில் குனிந்துவிட்டால் யார் பேசுவது என்று வரப்பில் நிற்பவனுக்குத் தெரியாது. நாங்கள் வீட்டுக் கதை பேசுவது அங்கேதான்.

"நேத்து தப்பான இடத்துல கேட்டுட்டேன்மா. அடி விழுதுன்னு வெளியில சொன்னா உங்களுக்கு என்னென்ன போகும்?"

"வேலை போகும். குடியிருக்கிற மனை அவுங்களது, அதுவும் போகும். எங்க தெருப் பேரைச் சொன்னாலே ஸ்டேஷன்ல நம்ம பேச்சைக் காதுல வாங்க மாட்டான்."

"அந்தம்மாவுக்கு?"

"கவுரவம் போகும். அவுங்களுக்குக் கதவு இருக்கு, சாத்திக்கிட்டு அழுவாங்க. எனக்குக் கதவே கீத்துத் தட்டி. ரெண்டு பேருக்கும் ஒரே கட்டமா போட்டு வச்சிருக்கியே, தாயி! நல்லாப் படிச்ச போ. நாத்தையாவது ஒழுங்கா ஊனு."

வேலை முடிந்ததும் பம்புசெட்டு மறைவில் என் தாளை எடுத்தாள். பேனாவைப் பிடுங்கி நானே அந்த 'இல்லை'யை அடித்தேன். எழுத்துக் கூட்டி 'ஆமாம்' என்று எழுதினேன். தாளெல்லாம் சேறு. அவள் துடைக்கப் போனாள்.

"விடு, இருக்கட்டும்" என்றேன். பண்ணையாரைக் கேட்காமல் என் பேச்சு தாளில் ஏறியது அந்த ஒரு தடவைதான்.