நாலாக மடித்த புடவை

நம்புகிறவர்கள் நம்பட்டும். பேய், காத்து, கருப்பு என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுகிற ஆள். தொழில் பெயின்ட் வேலை. டெல்லிக்கு வந்து பதினாறு வருஷம். ஆள் செத்த வீடுகளில் தனியாக நின்று வெள்ளையடித்திருக்கிறேன். ஒன்றும் பார்த்ததில்லை.

அப்போது ஜனக்புரிப் பக்கம் மூன்றாவது மாடியில் ஒற்றை அறையில் இருந்தோம். நான், மனைவி செல்வி, ஆறு வயது மகள் காவ்யா. கூரையை ஒட்டி ஒரு வென்டிலேட்டர், முழ அகலமும் சாண் உயரமுமான துவாரம். அதற்கு அந்தப் பக்கம் குழாய்கள் இறங்கும் இடுக்கு. பூனை போகலாம், ஆள் நுழைய முடியாது. உள்ளே எங்கேயோ குழாய் ஒழுகி, ஈரச் சாக்கு நாற்றம் வந்துகொண்டே இருக்கும். துவாரத்தைச் சுற்றிக் கறுப்பாகப் பூசணம். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன், பட்டி பார்த்து இரண்டு கோட் அடித்தேன். பத்தே நாளில் திரும்ப வந்தது. ஊரார் வீட்டுச் சுவர் ஓதத்துக்கெல்லாம் வழி சொல்கிறவன், என் வீட்டில் தோற்றேன்.

காவ்யாவுக்கு வீசிங். மூச்சு விட்டால் விசில் மாதிரி சத்தம். பூசணக் காற்று ஆகாது என்றார் டாக்டர். குழாயைச் சரிசெய்கிறேன் என்று வீட்டுக்காரர் நாளைக் கடத்தினார். நான் செல்வியின் பழைய புடவையைச் சுருட்டித் துவாரத்தை அடைத்தேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்தால் புடவை தரையில் இருந்தது. விழுந்து கிடக்கவில்லை. நாலாக மடித்து வைத்திருந்தது.

"ஏன்டி எடுத்த?"

"நான் எதுக்கு எடுக்கறேன்? நாத்தம் எனக்கும்தான வருது. ஏணி உங்க வேலை எடத்துல கெடக்கு, நான் என்ன பறந்து போயா எடுத்தேன்?"

ஏணியைக் கொண்டுவந்து மறுபடி அடைத்து, காலையில் திரும்ப எடுத்துப்போனேன். இரண்டாம் நாள் மறுபடி கீழே, அதே நாலு மடிப்பு. காவ்யாவைக் கேட்டேன்.

"மேனே நஹீ கியா அப்பா, நான் பண்ணல. எனக்கு எட்டாதுல்ல?"

எட்டாது. தெரிந்தும் முதுகில் ஒன்று வைத்தேன். அது இன்னும் உறுத்துகிறது.

ஜனவரி வந்தது. காற்றில் புகை அதிகமென்று ஊர் முழுக்கக் கட்டட வேலையை நிறுத்திவிட்டார்கள். ஒரு நாள் மத்தியானம், வெளியே பனிமூட்டத்தில் எதிர்வீடு தெரியவில்லை, செல்வி சமையல் வேலைக்குப் போயிருந்தாள், பிள்ளை குளிரில் நடுங்கினாள். வேலை இல்லாமல் வீட்டில் கிடந்த ஏணியில் ஏறி, புடவையைத் துவாரத்தில் திணித்து, பட்டி பிளேடின் கைப்பிடியால் குத்தி இறுக்கினேன். கதவைச் சாத்தினேன். அங்கீட்டியில் கரி போட்டுப் பற்றவைத்தேன். மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கிச் செத்தவர்களைப் பற்றி ஒவ்வொரு குளிருக்கும் கேள்விப்படுகிறோம். கதவிடுக்கு போதும் என்று நினைத்தேன். இரண்டு பேரும் ரஜாய்ப் போர்வைக்குள் படுத்தோம்.

என்னை எழுப்பியது அந்த நாற்றம்தான். ஈரச் சாக்கை மூக்கில் வைத்து அழுத்தின மாதிரி. முகத்தில் சில்லென்று காற்று. எழப் பார்த்தால் கால் என்னுடையதாக இல்லை, தலைக்குள் கல். பிள்ளையை இழுத்துக்கொண்டு தவழ்ந்து போய்க் கதவைத் திறந்தேன். படிக்கட்டில் அவள் வாந்தியெடுத்தாள். வாந்தியைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒன்றுதான் கேட்டார், அறையில் திறப்பு ஏதாவது இருந்ததா என்று. இல்லை, நானே அடைத்தேன் என்றேன். "அப்படியென்றால் நீங்கள் இங்கே வந்திருக்க மாட்டீர்கள்" என்றார்.

மாற்றுத்துணி எடுக்கப் போன செல்வி திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாவற நேரத்துலயும் பொடவைய மடிச்சு வெச்சுட்டுத்தான் வெளிய வந்தீங்களா?"



வீட்டுக்கு வந்ததும் ஏணி போட்டு ஏறி, டார்ச் அடித்துப் பார்த்தேன். துவாரத்தின் கீழ் விளிம்பில், இடுக்குப் பக்கம், கறுப்பாகப் பூசணம். நடுவில் நாலு இடம் மட்டும் துடைத்த மாதிரி வெள்ளை. வரிசையாக, விரல் அகலம். அந்தப் பக்கம் நிற்க இடமே கிடையாது. என் விரல்களை வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. வைக்கவில்லை.

மார்ச்சில் வேறு அறைக்கு மாறினோம். காய்ந்த சுவர். காவ்யாவுக்கு விசில் சத்தம் குறைந்துவிட்டது. கிளம்புமுன் பழைய அறைச் சுவரைச் சுரண்டி, விளிம்போடு சேர்த்து மருந்தடித்து, புதிதாக இரண்டு கோட் கொடுத்தேன்.

அந்த அறையில் விட்டுவந்த பழைய ஏணியை எடுக்க மழைக்காலத்தில் போனேன். புதிதாக ஒரு பீகார்க்காரர் குடியிருந்தார், மடியில் கைக்குழந்தை. அந்த ஓட்டையை மட்டும் அடைக்காதீர்கள் என்று இந்தியில் சொன்னேன்.

"நாற்றம் வருகிறதே, அண்ணா" என்றார்.

"வரட்டும்" என்றேன்.

ஏணியைத் தோளில் வைக்கும்போது மேலே பார்த்தேன். பூசணம் என் பெயின்டைத் தாண்டி வந்திருந்தது. அதே நாலு வெள்ளை. இந்த முறை அறைப் பக்கம், துவாரத்துக்கு ஒரு சாண் கீழே.