அலர்மேல்மங்கை போட்ட ரோஜாக்கள்

அல்சூர் ஏரிப் பக்கத்துத் தெரு ஒன்றில், தபால் ஆபீஸ் குமாஸ்தா சீனிவாசராகவனின் வீட்டில் இருந்தாள் அவனுடைய தங்கை அலர்மேல்மங்கை. பதினொரு வயதில் கணவனை இழந்தவள். அண்ணாவின் மகள் ஜெயலக்ஷ்மியைத் தொட்டிலிலிருந்து தூக்கி வளர்த்தது அவள்தான்.

பின்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் கேத்தரின் குடியிருந்தாள். வெள்ளைக்காரப் பட்டாளம் குடியிருந்த தண்டுப் பக்கத்துக் கடைகளுக்குக் குழந்தைகளின் கவுன் தைத்துக் கொடுப்பவள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. 1926-ல் ஒரு மத்தியானம், சுவரின் மேல் காயப்போட்டிருந்த ஒரு சின்னக் கவுனில் பட்டு நூல் ரோஜாக்களைப் பார்த்து அலர்மேல்மங்கை நின்றுவிட்டாள்.

"இது எப்படி இப்படி எழும்பி நிக்கறது?"

"ஊசியில நூலைச் சுத்தி இழுக்கிறதும்மா. வாங்க, காட்டறேன்."

"எனக்கெதுக்கு?" என்று சொன்னவள், மறுநாள் தானே சுவரோரம் போய் நின்றாள்.

துணியில் பாதி குத்திய ஊசியின் மேல் நூலை வரிசையாகச் சுற்ற வேண்டும். சுற்றுகளைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு ஊசியை உருவ வேண்டும். சரியாக வந்தால் நூல் ஒரு சின்னப் புழுவைப் போலச் சுருண்டு படுக்கும். அப்படிப் பலவற்றை வளைத்து அடுக்கினால் ரோஜா. அவளுக்கு முதலில் எல்லாம் முடிச்சு விழுந்தது.

"பயந்து பயந்து இறுக்கறீங்க. விரலைக் கொஞ்சம் தளர்த்துங்கம்மா," என்றாள் கேத்தரின்.

தினமும் தையல் முடிந்ததும் அலர்மேல்மங்கை கிணற்றடியில் தலையோடு குளித்துவிட்டுத்தான் சமையலறைக்குள் போவாள். மழித்த தலையில் மாலைக் குளிர் ஏறும். மழைக்காலம் முடிவதற்குள் தையல் கைக்கு வந்துவிட்டது.

அடுத்த தை மாதம் ஜெயலக்ஷ்மிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. "அத்தை, நலங்குக்கு என் ரவிக்கைல போட்டுத் தா," என்று கேட்டது பெண்தான். ரவிக்கையே போடாதவள், இரண்டு கைகளிலும் ரோஜா நிற நூலில் கொத்துக் கொத்தாகப் போட்டுக் கொடுத்தாள். அதைக் கையில் வாங்கிய மன்னி கோமளம் கொத்துகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரொம்ப நன்னா இருக்கு," என்றாள் கடைசியில். "ஆனா நீ போட்டேன்னு யார்ட்டயும் சொல்லாதே. சம்பந்தியாத்துக்காரா மனசுல ஏதாவது பட்டுடும்."

நலங்கன்று அலர்மேல்மங்கை வழக்கம்போலச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்தாள். கூடத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா குரல் கேட்டது.

"ரவிக்கை எங்கே தைச்சது?"

"தண்டுல, ஒரு வெள்ளைக்காரி கடை," என்றாள் கோமளம்.

"அதான் பார்த்தேன். நம்மவா கைக்கு இதெல்லாம் வருமா?"

எல்லோரும் சிரித்தார்கள். கதவிடுக்கு வழியாக ஜெயலக்ஷ்மியின் முகம் தெரிந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் கேத்தரின் சுவரோரம் ஆசையோடு வந்து கேட்டாள்: "என்னம்மா சொன்னாங்க?"

"கடைல வாங்கினதுன்னே நெனச்சுட்டா."

கேத்தரின் சிரித்தாள். எதிரே இருந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

ஒரு வருஷம் கழித்து மைசூரிலிருந்து பிறந்தகம் வந்த ஜெயலக்ஷ்மி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அத்தை, என் நாத்தனாருக்குக் கல்யாணம். அதே கடைல அதே மாதிரி வேணுமாம்."

"கடையை மூடிட்டான்னு சொல்லிடு."

"எம்மேல கோவமா?"

"கோவமில்லேடி. அன்னிக்கு நீ நிமிர்ந்து பார்ப்பேன்னு நெனச்சேன்."

ஜெயலக்ஷ்மி அத்தையின் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள் அலர்மேல்மங்கை. ஆனால் ரவிக்கை தைத்துத் தரவில்லை.

அதன் பிறகு கேத்தரினின் கவுன்களுக்கு மட்டும் ரோஜா போட்டாள். யார் யாருடைய குழந்தைகளோ அவற்றைப் போட்டுக்கொண்டார்கள். சில வருஷங்களில் கேத்தரின் குடும்பம் ஆஸ்டின் டவுனுக்குக் குடிபோனது. பட்டு நூல் வருவதும் நின்றது.

அலர்மேல்மங்கை தன் வெள்ளைப் புடவையின் ஓரத்திலிருந்து இழைகளை உருவி, அந்தப் புடவையின் உள்மடிப்பிலேயே தைக்க ஆரம்பித்தாள். வெள்ளையின் மேல் வெள்ளை. விரலால் தடவினால்தான் அங்கே பூ இருப்பது தெரியும். வீட்டில் யாரும் தடவிப் பார்க்கவில்லை.