புதுசைப் பழசாக்கும் சிஸ்டர்

அட்டைப்பெட்டியைப் பிரித்துப் புத்தம்புது பிரஷர் மெஷினை வெளியே எடுத்த நெனிதா சிஸ்டர், முதல் வேலையாக அதன் முகத்தில் ஒட்டியிருந்த பளபளத்த தாளை நகத்தால் உரித்துக் குப்பைக்கூடையில் போட்டார். அடுத்த வேலையாக மெஷினின் ஒரு மூலையைச் சுவரில் வைத்து நன்றாக இரண்டு இழுப்பு இழுத்தார். கீறல் விழுந்ததா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துத் திருப்தியானதும், கதவைத் திறந்து பெஞ்சில் காத்திருந்த சோலைமுத்துவைக் கூப்பிட்டார்.

"வா. கை குடு. பொய் சொல்லாதே, காலைல சாப்டியா?"

"என் கைதானா கெடச்சுச்சு சிஸ்டர்? போன மாசமும் இப்படித்தான் ஒரு புது மிஷினைச் சுத்துனீக" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டே உள்ளே வந்தார் சோலைமுத்து. பரமக்குடிப் பக்கத்துக்காரர். கம்பி கட்டுகிறவர்.

"நல்ல கை. சும்மா இரு."

துபாயில் சத்வா பகுதியில், தையல் கடைகள் தோளோடு தோள் உரசி நிற்கும் ஒரு தெருவின் மாடியில் இருக்கிறது அந்த கிளினிக். கட்டட கம்பெனிகள் தங்கள் ஆட்களை வேனில் கொண்டுவந்து இறக்குவது இங்கேதான். நெனிதாவின் தமிழ் அந்தப் பெஞ்சில் பொறுக்கியது. அவர்கள் தங்களுக்குள் நீ, வா, போ என்று பேசிக்கொள்வதைக் கேட்டே கற்றதால், அந்தத் தமிழில் மரியாதைக்கு இடமே இல்லை. கிளினிக் மேனேஜர் ரெங்கராஜ், ஐம்பது தாண்டிய கும்பகோணத்துக்காரர், நெற்றியில் சந்தனம் இல்லாமல் படி ஏறமாட்டார். அவரையும் "ஏய், நீ டீ குடிச்சியா?" என்றுதான் நெனிதா கேட்பார். முதல் வருஷம் அவருக்கு முகம் சுருங்கியது. இப்போது, "குடிச்சாச்சு சிஸ்டர்" என்று பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறார்.

எதையும் விரலால் காட்டும் பழக்கம் நெனிதாவுக்கு இல்லை. உதட்டைக் குவித்து அந்தத் திசையில் நீட்டுவார். அவர் ஊரில் எல்லோரும் அப்படித்தானாம். ஊசி போடும் அறை எங்கே என்று கேட்ட ஒரு புது ஆள், பதிலுக்குக் குவிந்த உதட்டைப் பார்த்து வெலவெலத்துப்போய்ப் படியிறங்கி ஓடியதை, லேப் டெக்னீஷியன் தாமரை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். 'ஆமாம்' என்பதற்குப் புருவத்தை உயர்த்துவார். போனிலும் அதையே செய்துவிட்டு, எதிர்முனையில் "இருக்கியா? லைன்ல இருக்கியா?" என்று கத்துவது கேட்டபிறகுதான் வாயைத் திறப்பார்.

நல்ல மெஷினை எதற்காகச் சுவரில் தேய்க்கிறார் என்று கேட்காதவர்கள் கிளினிக்கில் இல்லை. காரணம் பிலிப்பைன்ஸில், இலோயிலோ மாகாணத்துக்கு எதிரே கிடக்கும் ஒரு சின்னத் தீவில் இருக்கிறது. நெனிதா பிறந்த ஊர்.

சத்வாவில் பிலிப்பைன்ஸ்காரர்கள் தங்கும் எந்த ரூமுக்குப் போனாலும் கட்டிலின் கால்மாட்டில் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிற்கும். சோப்பு, டின் கறி, துண்டு, சாக்லேட், அண்ணன் பிள்ளைக்கு ஷூ என்று மாதக்கணக்கில் சேர்த்து, வாய் பிதுங்கியதும் கப்பலில் ஊருக்கு அனுப்புவார்கள். பெட்டி போய் இறங்குகிற நாள் அந்த வீட்டில் திருவிழா. நெனிதாவும் வந்த நாளிலிருந்து அப்படி அனுப்பியவர்தான். பிறகு அவர் பெட்டியில் சோப்பு குறைந்து தெர்மாமீட்டர் ஏறியது.

தீவில் இருந்த ஒரே நர்ஸ் சவூதிக்குப் போய்விட்டாள். கடலுக்கு அந்தப் பக்கம் டவுனில் இருந்த டாக்டரோ, டாக்டராக இருந்தால் அமெரிக்கா அழைக்காது என்று நர்ஸுக்குப் படித்து, நர்ஸாகவே விமானம் ஏறினார். இதைக் கேட்டபோது தாமரை, "டாக்டர் எதுக்கு சிஸ்டர் நர்ஸுக்குப் படிக்கணும்?" என்று இரண்டு முறை கேட்டாள். அப்படித்தான் நடந்தது, நிறைய ஊரில் நடந்தது. வெள்ளிக்கிழமை சர்ச் முடிந்து, அதே மாகாணத்துக்காரிகளான நான்கு நர்ஸுகள் ஒரு பானை சோற்றைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். ஊரையெல்லாம் காலி பண்ணியவர்களில் தாங்களும் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும். நெனிதாவின் தீவில் ஒரு சுகாதார அறையைத் திறப்பது என்று முடிவானது.

பிரஷர் மெஷின்கள், சர்க்கரை பார்க்கும் கருவி, குழந்தையைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் தராசு என்று பெட்டி பெட்டியாகப் போயின. "எல்லாம் வந்துச்சா? உபயோகமா இருக்கா?" என்று கேட்டால், தங்கை ரொசாலியா போனில் சொல்லும் பதில் ஒன்றுதான்: "பத்திரமா இருக்கு, அக்கா."

ரொசாலியா பொய் சொல்லவில்லை. இரண்டாயிரத்து ஐந்தில் லீவில் போன நெனிதா, வீட்டுக் கூடத்தில் கண்ணாடி அலமாரியைப் பார்த்தார். வெள்ளைப் பின்னல் துணி விரித்து, மெஷின்கள் வரிசையாக, பிளாஸ்டிக் உறை கழற்றாமல் நின்றன. நடுவே, கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில், குழந்தைத் தராசு. வெளிநாட்டிலிருந்து வந்த பொருள் அங்கே புழங்குவதற்கு இல்லை, பார்ப்பதற்கு. வருகிறவர்களுக்கு எல்லாம் ரொசாலியா அலமாரியைக் காட்டுவாள். வாரம் ஒருமுறை துடைப்பாள்.

அதே தெருவில் கருவாடு விற்கிற பெலென், நெனிதாவோடு பள்ளிக்கூடம் போனவள். நெனிதா போவதற்கு இரண்டு மாதம் முன்பு கருவாட்டுக் கூடையோடு சாய்ந்தாள். வலது கை போயிற்று, பேச்சு பாதி போயிற்று. விழுவதற்கு முன்பு பலமுறை அந்த அலமாரிக்கு எதிரில் வந்து நின்று, "உன் அக்கா எவ்வளவு அழகான சாமான் அனுப்பியிருக்கா" என்று ரசித்துவிட்டுப் போனவள்தான் அவளும். அவள் கையில் அந்த பிரஷர் பட்டையை ஒருதரம் சுற்றியிருந்தால் போதும், முன்பே தெரிந்திருக்கும்.

நெனிதா தங்கையைத் திட்டவில்லை. திட்ட வாய் வரவில்லை. ஊருக்குக் கண்ணாடி அலமாரி வாங்கக் கற்றுக்கொடுத்ததே தன்னைப் போலப் பெட்டி அனுப்புகிறவர்கள்தானே என்று நினைத்தார். அன்றே அலமாரியைக் காலி செய்தார். லீவு முழுக்க வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களின் கையைப் பிடித்து இழுத்து மெஷினைச் சுற்றினார். பெலெனின் இன்னொரு கையிலும் சுற்றினார். அவள் சிரித்தாள். நெனிதாவால் முடியவில்லை.

அதிலிருந்துதான் இந்தத் தேய்ப்பு. உறையைக் கிழித்து, மூலையைக் கீறி, சத்வாவில் பத்துப் பேர் வியர்வை பட்ட பிறகே எந்த மெஷினும் கப்பல் ஏறும். பழைய சாமானை யாரும் அலமாரியில் வைக்கமாட்டார்கள். பஞ்சாயத்துக் கட்டடத்தின் பின்னறை கிடைத்தது. மீன்காரப் பெண்கள் சிலர் பிரஷர் பார்க்கக் கற்றார்கள். நர்ஸிங் முடித்து மணிலா வழியாக எங்கோ கிளம்பத் தயாராக இருந்த ரொசாலியாவின் மகள் ஜெஸ்ஸாவை, கெஞ்சிக் கூத்தாடி அந்த அறையில் உட்கார வைத்தார் நெனிதா. நான்கு நர்ஸுகளும் சேர்ந்து அவளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். பக்கத்துத் தீவுக் கர்ப்பிணிகளும் படகில் வரத் தொடங்கினார்கள். அந்தச் சேதி வரும் வாரங்களில் நெனிதாவின் சாப்பாட்டு டப்பாவிலிருந்து தாமரைக்கு மீன் கூடுதலாகக் கிடைக்கும்.

இந்த வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை ஜெஸ்ஸாவே போனில் பேசினாள்.

"பெரியம்மா, அங்க எங்கயாவது வேலை இருந்தா சொல்லுங்களேன்."

"நீ வந்துட்டா அறையை யாரு பார்ப்பா? பூட்ட வேண்டியதுதான்."

"எனக்கும் இருபத்தஞ்சு ஆகுது, பெரியம்மா. இந்தக் கடலைத் தவிர நான் ஒண்ணும் பார்க்கலை. நீங்க கிளம்பினப்ப உங்களை யாராவது தடுத்தாங்களா?"

நெனிதா, தராசு சரியாக வேலை செய்கிறதா என்று கேட்டுப் பேச்சை மாற்றினார்.

விதி சும்மா இருக்குமா. மறுநாளே ரெங்கராஜ் வந்து நின்றார். "இன்னொரு நர்ஸ் எடுக்கணும் சிஸ்டர். உங்க ஊர்ப் பொண்ணு யாராவது இருந்தா சொல்லுங்க. உங்களை மாதிரி இருந்தா இன்டர்வியூ கூட வேண்டாம்."

பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, அன்று மத்தியானம் விஷயத்தைத் தாமரையிடம் கொட்டினார். இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள். ஆனாலும் தாமரை பேசுவது திருச்சி மாதிரியே இருக்கும்.

"யாரும் இல்லைன்னு சொல்லிடுங்க சிஸ்டர். அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியப்போகுது? ஒரு தீவே அவளை நம்பி இருக்கு."

நெனிதா மீன் முள்ளைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினார். "மெஷினை வெச்சுப் பூட்டினதுக்கே எனக்கு வயிறு எரிஞ்சுது. அவளையும் அலமாரியில வைக்கச் சொல்றியா?"

"அப்ப அறை?"

அதற்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. அதை நினைத்தாலே பயமாக இருந்தது. பதினெட்டு வருஷமாகச் சத்வாதான் ஊர். இங்கே தெருமுனை சலூன்காரர் முதல் டாக்ஸி ஓட்டும் பாகிஸ்தான் பட்டான் வரை சிஸ்டரைத் தெரியும். அங்கே அவரைத் தெரிந்ததெல்லாம் பெட்டி அனுப்புகிறவராகத்தான். பெட்டி இல்லாமல் வெறுங்கையோடு போய் இறங்கினால் எந்த முகத்தோடு பார்ப்பார்கள்? போதாததற்கு, தீவில் பிறந்தும் நெனிதாவுக்குப் படகு ஆகாது. ஏறி உட்கார்ந்தாலே குடலைப் புரட்டும். சுகாதார அறைக்கு வருகிறவர்களைப் பார்ப்பதைவிட, அலை அடிக்கும்போது வரமுடியாதவர்களைத் தேடிப்போவதுதான் அங்கே பெரிய வேலை. அந்த வாரம் முழுக்க அவர் யாரையும் "பொய் சொல்லாதே" என்று மிரட்டவில்லை. சோலைமுத்துகூட, "சிஸ்டருக்கு உடம்பு சரியில்லையா?" என்று தாமரையிடம் விசாரித்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம், காலைக் கூட்டம் சற்று ஓய்ந்த நேரத்தில், நெனிதா மேனேஜர் அறைக்குள் போனார். உட்காரவில்லை.

"என் தங்கச்சி பொண்ணு இருக்கா. ஜெஸ்ஸா. நல்ல நர்ஸ். கூப்பிடு."

ரெங்கராஜுக்கு முகமெல்லாம் பல். "அடடே, முதல்லயே சொல்லக் கூடாதா? பெரியம்மாவும் பொண்ணும் ஒரே இடத்துல. ரூம் செலவும் மிச்சம்."

"இல்ல. அவ வர்றா. நான் போறேன். கலாஸ், முடிஞ்சுது."

ரெங்கராஜ் பேனாவைக் கீழே வைத்தார். "என்ன சிஸ்டர் இது? உங்க கான்ட்ராக்டே இன்னும் இருக்கு. நான் கேட்டது ஒரு ஆள் கூடுதலா. நீங்க என்னடான்னா ஆள் கணக்கை அப்படியே நிறுத்தறீங்க."

"இன்னொண்ணு நீ தேடிக்கோ. அவ வேலை கத்துக்கிற வரைக்கும் இருப்பேன்."

"அங்க போய் உங்களுக்கு யாரு சம்பளம் குடுப்பா?"

"அவ குடுப்பா. இத்தனை நாள் அவளுக்கு நாங்க குடுக்கலை?"

ரெங்கராஜ் கொஞ்சம் தணிந்த குரலில், "பயமா இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்கு" என்றார் நெனிதா. "படகு. அப்புறம், எல்லாம்."

வெளியே பெஞ்சில் அடுத்த வேன் ஆட்கள் வந்து உட்காரும் சத்தம் கேட்டது. மேனேஜரின் தலைக்கு மேலே சுவர்க் கடிகாரம் பதினொன்று காட்டியது. நெனிதா தன் நெஞ்சில் தலைகீழாகக் குத்தியிருந்த சின்னக் கடிகாரத்தைக் கழற்றினார். ஓரத்துச் சாவியை இழுத்து, முள்ளை மெதுவாகச் சுற்றி, மூன்று மணியில் கொண்டுபோய் நிறுத்தினார். அவர் தீவில் அப்போது பிற்பகல் மூன்று. அதை மறுபடி நெஞ்சில் குத்திக்கொண்டு, முதல் ஆளின் நாடியைப் பிடிக்கப் போனார்.